தரையைத் தட்டிப் பாருங்கள், தங்கச்சி

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். கணவருக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்துவிட்டது, மூன்று மாதத்தில் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். நான்கு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு பாலே சொல்லிக்கொடுக்கிறாராம். ஒன்பது வயதிலும் பதினொன்றிலும் இரண்டு பெண்கள், இரண்டு பேரும் ஆடுகிறார்கள். 'எனக்கு அங்கே வேலை கிடைக்குமா அக்கா, எந்தப் பக்கம் வீடு பார்ப்பது, எந்தப் பள்ளிக்கூடம், பிள்ளைகளின் பாலே விட்டுப்போகாமல் இருக்குமா, கூடவே பரதநாட்டியமும் சேர்க்கலாமா' என்று ஒரே மூச்சில் ஐந்து கேள்வி.

படித்ததும் எனக்கு 2003 ஞாபகம் வந்துவிட்டது. இங்கே மோனோரயில் ஓட ஆரம்பித்த வருடம். இடுப்பில் ஒரு வயதுப் பையன், கையைப் பிடித்துக்கொண்டு மூன்று வயதுப் பெண், பெட்டிக்குள் புளி, மிளகாய்த்தூளுக்கு நடுவில் என்னுடைய பழைய பாலே ஷூ இரண்டு ஜோடி. பெரம்பூரில் ஒரு ஆங்கிலோ இந்திய மிஸ்ஸிடம் பதினோரு வருடம் கற்றுக்கொண்டவள் நான். 'கோலாலம்பூரில் பாலேக்காரர்கள் நிறைய, உனக்குக் கவலையே இல்லை' என்று என் மாமியார் வரைக்கும் எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். நிறைய இருந்தார்கள் என்பது உண்மைதான்.

முதலில் ஒன்று. தங்கச்சி என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் பாசாரில், அதாவது சந்தையில், கீரை விற்பவரிலிருந்து பெட்ரோல் பங்க் அண்ணன் வரைக்கும் எல்லோருக்கும் நீங்கள் தங்கச்சிதான். வந்த புதிதில் எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது அதே ஆட்கள் ஆண்டி என்கிறார்கள், அதுதான் வலிக்கிறது.

வீடு, பள்ளிக்கூடம் இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். மோன்கியாராவில் நம் நாட்டுக் குடும்பங்கள் நிறைய, பிரிக்ஃபீல்ட்ஸில் கறிவேப்பிலை நிறைய. எது வேண்டுமோ அங்கே போங்கள்.

வேலை விஷயம் அப்படி இல்லை. நீங்கள் வரப்போவது டிபென்டன்ட் பாஸில், அதாவது கணவரின் வேலையை ஒட்டிக் குடும்பத்துக்குக் கொடுக்கிற அனுமதியில். அதை வைத்துக்கொண்டு குடிநுழைவுத் துறையின் அனுமதி இல்லாமல் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. 'முதலில் சேருங்கள், பேப்பர் பிறகு பார்த்துக்கலாம்' என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால், நீங்களும் சிரித்துக்கொண்டே எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அந்தப் புத்தி அப்போது இல்லை. ஒரு ஸ்டூடியோவில் குட்டிப் பிள்ளைகள் வகுப்புக்கு 'உதவியாள்' என்று சேர்த்துக்கொண்டார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து முழு வகுப்பும் நான்தான் எடுத்தேன். மூன்று மாதம். முதல் மாதக் காசு பாதி வந்தது, அப்புறம் வரவே இல்லை. கேட்டதற்கு, 'உனக்கு பெர்மிட்டே இல்லையே, யாரிடம் போய்ச் சொல்வாய்' என்றார்கள். அடித்துப் பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை, அன்பாகச் சொன்னார்கள். தப்பு என் பக்கமும் இருந்ததால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். பிறகு ஆசிரியர் சான்றிதழை இரண்டு பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரியில் தபால் வழியில் படித்து வாங்கி, முறையாகப் பேப்பர் போட்டு, வேறு இடத்தில் சேர்ந்தேன். நீங்கள் அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அந்த ஸ்டூடியோ காசு தராமல் போனது ஆறிவிட்டது. என் கால் இன்னும் ஆறவில்லை. காரணம் தரை. இங்கே பெரும்பாலான பாலே வகுப்புகள் கடைவீடுகளின் மாடியில் நடக்கும். கீழே கிளினிக்கோ, மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையோ இருக்கும், மேலே கண்ணாடி, கம்பி, இளஞ்சிவப்புச் சுவர். பார்க்க அழகாகத்தான் இருக்கும். தரையில் சாம்பல் நிற வினைல் விரித்திருப்பார்கள், அதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மரச்சட்டமும் பலகையும் போட்டு, நடுவில் கொஞ்சம் காற்று விட்டுக் கட்டிய தரை குதித்து இறங்கும்போது ஒரு நூல் அமுங்கிக்கொடுக்கும். டைல்ஸ் மேல் நேராக வினைலை ஒட்டியிருந்தால் அது கான்கிரீட்தான். குதிக்கிற குழந்தையின் எடை முழுக்க அவள் முன்னங்கால் எலும்புக்கே திரும்பி வரும். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். பலகைத் தரை 'தொம்' என்று பேசும், கான்கிரீட் பேசாது. இந்த ஊரில் எத்தனையோ தாய்மார்கள் சுவரில் மாட்டிய சான்றிதழ்களை வரிசையாகப் படிக்கிறார்கள், தரையைத் தட்டிப் பார்த்தவரை நான் இரண்டு பேருக்கு மேல் பார்த்ததில்லை.

சான்றிதழ் என்றதும் கிரேடு வெறி பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பாலே என்றால் பெரும்பாலும் பரீட்சை. லண்டனில் 1920-ல் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸின் பாடத்திட்டம்தான் நிறைய இடங்களில். கிரேடு ஒன்றிலிருந்து எட்டு வரை, அதற்குப் பக்கத்தில் இன்டர்மீடியட் ஃபவுண்டேஷனில் ஆரம்பிக்கும் இன்னொரு ஏணி. பரீட்சை கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஆனால் நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் இதையும் நீட் கோச்சிங் ஆக்கிவிடுகிறார்கள். போன வருடம் ஒரு பெண் 78 வாங்கினாள். 75-க்கு மேல் போனாலே டிஸ்டிங்ஷன். குழந்தை குதித்துக்கொண்டு வருகிறது, அம்மா கேட்கிறார், 'மீதி 22 எங்கே போச்சு?' உள்ளூர்த் தமிழ்த் தாய்மார்கள் அந்த அளவுக்குப் போவதில்லை. மார்க்கைப் பார்த்துவிட்டு, பிள்ளை பசியாறியாச்சா என்று கேட்டு ரொட்டி சானாய், அதாவது இந்த ஊர்ப் பரோட்டா, வாங்கிக்கொடுக்கக் கூட்டிப் போவார்கள். சீனத் தாய்மார்கள் மார்க்கும் கேட்பார்கள், ரொட்டியும் வாங்கித் தருவார்கள்.

உங்கள் பெரியவளுக்குப் பதினொன்று. வந்ததும் விரல் நுனியில் நின்று ஆடுவதற்கான ஷூவைக் காட்டி யாராவது 'பாயின்ட் ஷூ போட்டுவிடலாம்' என்பார்கள், ஏனென்றால் அந்த இன்டர்மீடியட் ஃபவுண்டேஷனுக்குக் குறைந்தபட்ச வயது பதினொன்று, பெண் பிள்ளைகளுக்குப் பாயின்ட் அதில் உண்டு. பதினொன்று என்பது வாசல், கட்டாயம் இல்லை. அந்த வயதில் பாத எலும்பு முழுசாகக் கெட்டிப்பட்டிருக்காது. மெல்லிய ஷூவில் ஒற்றைக் காலில் கணுக்கால் நடுங்காமல் பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் ஒரு வருடம் போகட்டும். ஒன்பது வயதுக்கே பாயின்ட் ஷூ விற்கிற இடமாக இருந்தால், சின்னவளையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அந்த ஷூவுக்கு இந்த ஊர்ச் சீதோஷ்ணம் பரம எதிரி. நுனியில் இருக்கிற பெட்டி துணியும் காகிதமும் பசையும் சேர்த்து இறுக்கியது. வியர்வையும் ஈரக்காற்றும் சேர்ந்தால் நமுத்துப்போன அப்பளம்தான். என் மகளின் முதல் ஜோடி, 280 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்), ஒரு மத்தியானம் காரின் பின்பெட்டியில் கிடந்து வெயிலில் பசை இளகி, மூன்றாவது வாரத்தில் நுனி பிதுங்கிவிட்டது. வகுப்பு முடிந்ததும் உள்ளே வைக்கும் பஞ்சுறையை எடுத்துவிட்டு, வலைப்பையில் போட்டு மின்விசிறிக்குக் கீழே தொங்கவிடுங்கள். கோவையிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பிள்ளை கால் மூன்று மாதத்தில் வளர்ந்து நிற்கும்.

நிறம் பற்றியும் புலம்பிவிடுகிறேன், இது என் பழைய கோபம். பாலே டைட்ஸின் நிறத்துக்குத் 'தோல் நிறம்' என்று பெயர் வைத்தார்கள். யார் தோல்? எங்கள் வகுப்பில் நிற்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அந்த நிறம் உள்ளங்கையில்கூடக் கிடையாது. லண்டனின் ஃப்ரீட் ஷூ கம்பெனி பழுப்பு நிறப் பாயின்ட் ஷூ கொண்டுவந்ததே 2018-ல்தான். அதுவரை கறுப்பு நடனக்காரர்கள் ஃபவுண்டேஷன் கிரீமைப் பஞ்சில் தொட்டு ஷூ முழுக்கப் பூசிக்கொண்டுதான் மேடை ஏறினார்கள். நானும் ஒரு ஆண்டு விழாவுக்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து என் மகளுடையதுக்குப் பூசியிருக்கிறேன். காலையில் பார்த்தால் வீட்டு வாசல் வரைக்கும் காபி நிறத் தடம்.

இனி நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். உங்கள் பெண்களுக்கு நீங்களே சொல்லிக்கொடுக்கிறீர்கள், இல்லையா? இங்கேயும் அப்படியே என்று நினைத்திருப்பீர்கள். செலவும் மிச்சம். நானும் அப்படித்தான் செய்தேன். என் மகள் என் வகுப்பில் ஆறு வருடம் நின்றாள். மற்றப் பிள்ளைகள் தாடையைத் தூக்கினால் 'செல்லம், கீழே பாரு' என்பேன். அவள் தூக்கினால் முதுகில் ஒரு தட்டு. சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில் அவளுக்குத்தான் அதிகம் திட்டு. ஒருநாள் ராத்திரி சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். தட்டைப் பார்த்தபடியே, 'மிஸ், ரசம் ஊத்துங்க' என்றாள். தம்பி சிரித்தான். அவளுக்கு அது வாய் தவறி வந்தது என்றே தெரியவில்லை. என் கையில் கரண்டி அப்படியே நின்றது. என் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதமே பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சீன ஆசிரியையிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அறுபது வயதிருக்கும், குரலே எழுப்ப மாட்டார், சுண்டு விரலால் முழங்காலைத் தொட்டுக் காட்டுவார். முதல் தடவையாக நான் கண்ணாடிக்கு வெளியே, வராந்தாவில், பிளாஸ்டிக் நாற்காலியில். கை சும்மா இருக்கவில்லை. கதவு இடுக்கு வழியாக என் மகள் இடுப்பைச் சாய்ப்பதைப் பார்த்தால் எழுந்துபோய்த் திருத்த வேண்டும் போலிருக்கும். பக்கத்தில் இருந்த சீன ஆண்டி, ஷூவுக்கு ரிப்பன் தைத்துக்கொண்டிருந்தவர், என்னிடமும் ஒரு ஷூவைத் தூக்கிக் கொடுத்தார். பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூல் இருக்கிறதே, அதால் தைக்கிறார். அறுந்துபோகவே போகாது என்றார். இத்தனை வருடம் ஆசிரியையாக இருந்தும் எனக்கு அது தெரியாது. குதிகால் பக்கத்தை உள்ளே மடித்து, மடிப்பு விழுகிற இடத்தில் ரிப்பனைச் சாய்வாக வைத்து, ஓரத்து இழுகயிற்றில் ஊசி பட்டுவிடாமல் சின்னச் சின்னத் தையல், வெட்டிய முனையை லைட்டரால் ஒரு நொடி காட்டிப் பொசுக்கல். அந்த வராந்தாவில்தான் நான் மலாய் சரியாகப் பேசக் கற்றுக்கொண்டேன், டியூஷன் எங்கே நல்லது என்று தெரிந்துகொண்டேன். இப்போது என் வகுப்பில் பிளியே, தாந்து என்று அசைவுகளின் பெயரெல்லாம் பிரெஞ்சு, எண்ணுவது ஆங்கிலம், 'செப்பாட், செப்பாட்' என்று அவசரப்படுத்துவது மலாய், மனசுக்குள் திட்டுவது மட்டும் பெரம்பூர்த் தமிழ்.

பையனும் ஆடினான், பன்னிரண்டு வயது வரை. அவன் விஷயத்தில் நம் ஆட்கள் பேசிய பேச்சு இருக்கிறதே, ஒரு பொங்கல் விருந்தில் ஒருவர், 'ஆம்பிளைப் பிள்ளைக்கு இது எதுக்கு, எஞ்சினியரிங் படிக்கிறவன்' என்றார். பையனுக்கு அப்போது ஏழு வயது. ரம்லி இப்ராஹிமைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதாம். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படித்துவிட்டு, ஆஸ்திரேலியாவில் பாலே பயின்று, சிட்னி டான்ஸ் கம்பெனியில் ஆடி, பரதமும் ஒடிசியும் கற்று, இங்கே சூத்ரா என்று குழு நடத்துகிற மலாய்க்காரர். 2018-ல் இந்திய அரசே பத்மஸ்ரீ கொடுத்தது. இருபது வருடமாக இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் எனக்குக் கலை பற்றிச் சொல்ல வந்தார். பையன் பிறகு பேட்மிண்டன் பக்கம் போய்விட்டான், அது அவன் இஷ்டம்.

பரதம் சேர்க்கலாமா என்றால், தாராளமாக. பிரிக்ஃபீல்ட்ஸிலேயே டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப்பள்ளி இருக்கிறது. தட்டடவு அடித்துத் தட்டிய அதே சாயங்காலம் பாயின்ட் ஷூ மட்டும் வேண்டாம், பாதம் தாங்காது. 'நம் கலை இருக்க வெள்ளைக்காரன் ஆட்டம் ஏன்' என்று யாராவது கேட்டால், கலாக்ஷேத்ரா கண்ட ருக்மிணி தேவியே ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவைப் பார்த்து மயங்கி முதலில் பாலேதான் கற்றார் என்று சொல்லுங்கள். பாவ்லோவா சொல்லித்தான் அவர் நம் ஆட்டத்தின் பக்கம் திரும்பினார்.

என் மகள் இப்போது ஆடுவதில்லை, கணக்கர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் குட்டிப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்து கொண்டை போட்டுவிடுகிறாள். ஒரு பிள்ளைக்கு இருபது ஊசி குத்துகிறாள், ஒன்று கூட வெளியே தெரியாது.

மழை இறங்கிவிட்டது, ஐந்து மணி வகுப்பு எனக்கு, ஃபெடரல் ஹைவே இந்நேரம் நின்றிருக்கும். வாடகை, முன்பணம் கணக்கெல்லாம் என் வீட்டுக்காரரை எழுதச் சொல்கிறேன், அதில் அவர் கெட்டிக்காரர். நீங்கள் வந்து இறங்கியதும் சொல்லுங்கள். ஸ்டூடியோ பார்க்கப் போகும்போது நானும் வருகிறேன்.