பந்தியை விட்டு எழுந்தவர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். குடியை விட்டுவிட்டேன் என்று கன்வென்ஷன் மேடையில் ஏறிச் சாட்சி சொன்னவன் நான். நாலு மாதம்தான் தாங்கியது. விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். இப்போது ஒரு வருடமாகத் திருவிருந்து (சபையில் இயேசுவின் நினைவாகப் பகிரும் அப்பமும் திராட்சரசமும்) எடுப்பதில்லை. அந்த நேரம் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், எடுத்தால் ஆக்கினை (தண்டனை) என்று வேதம் சொல்கிறதே? என் மாதிரி ஆளுக்கும் கிருபை மிச்சம் இருக்குமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரருக்கு,

அந்த 'அபாத்திரமாய்' நம் சபைகளில் நிறையப் பேரைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டிருக்கிறது. அப்போஸ்தலர் பவுல் அதை எழுதியது கொரிந்து சபைக்கு. அங்கே வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிட, இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். 'ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்' (குடிவெறி) என்கிறார். அவர் கண்டித்தது அந்தப் போக்கை. அபாத்திரமாய் என்பது சாப்பிடும் விதத்தைப் பற்றிய சொல். சாப்பிடுகிறவரின் தகுதியைப் பற்றியது அல்ல. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். தன்னைச் சோதித்தறிந்து 'புசித்து, பானம்பண்ணக்கடவன்' என்றுதான் இருக்கிறது. சோதித்தறிந்து வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

அப்புறம் இயேசுவின் சீடர் பேதுரு. கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது: யோவான் 18, யோவான் 21. முதல் நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, இயேசுவின் சீடன் அல்ல என்று அவர் மறுதலித்தார். இரண்டாவது, திபேரியா கடற்கரையில் அவருக்காகக் காத்திருந்தது, மேலே மீனோடு. அந்தப் புகை மூக்கில் ஏறியபோது மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் இயேசு சொன்னது, 'வாருங்கள், போஜனம் பண்ணுங்கள்.' 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்ற கேள்வி சாப்பிட்டு முடித்த பிறகுதான் வருகிறது. மூன்றாம் தடவை கேட்டபோது பேதுரு துக்கப்பட்டார். ஆனால் அதற்குள் வயிறு நிறைந்திருந்தது.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்றுதான் பிரசங்கங்களில் முடிப்போம். பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் 2-ம் அதிகாரம் வேறு கதை சொல்கிறது. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) உட்கார்ந்து சாப்பிட்டவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து நின்று பிரசங்கித்த அதே பேதுருதான். பயமும் அதே பழைய பயம். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். ஆனாலும் பேதுரு அப்போஸ்தலராகவே இருந்தார். உங்கள் சாட்சி பொய் என்று நான் நினைக்கவில்லை. அவசரச் சாட்சி. மேடையில் ஏற்றியவர்களுக்கும் அதில் பங்குண்டு.

சரி, குடி. ஜெபித்தால் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரொம்ப நாள் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டாக்டரைப் பாருங்கள், அது அவிசுவாசம் ஆகாது. குடியை விட முயல்கிறவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே விழுந்து எழுந்தவர்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த திருவிருந்துக்கு முன்னால் ஆயரிடம் எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அன்றைக்குச் செருப்பைக் கொஞ்சம் தள்ளியே விட்டுவிட்டு உள்ளே போங்கள்.