பேரனைக் கருமாதிக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: மாமனார் பத்து நாளுக்கு முன் தவறிவிட்டார். 7 வயது மகன் பயந்துவிடுவான் என்று, எடுத்து முடியும்வரை அவனைப் பள்ளத்தூரில் என் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். 'ஐயா பினாங்கு போயிருக்கார்' என்றோம். இப்போது என் கணவர் சிங்கப்பூர் வேலைக்குத் திரும்பப் பெட்டியை எடுத்தாலே காலைக் கட்டிக்கொண்டு அழுகிறான். வயிற்றுவலி என்கிறான், படுக்கையை நனைக்கிறான். அடுத்த வாரம் கருமாதி. பிள்ளை வேண்டாம் என்கிறார்கள் பெரியவர்கள். என்ன செய்வது? – வாசகி, தேவகோட்டை

பதில்: கூட்டிப் போங்கள். அதற்கு முன் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

பினாங்கு போன ஐயா திரும்பவில்லை; அப்பாவும் பெட்டி கட்டுகிறார். அவன் அழாமல் என்ன செய்வான்? அப்பாவின் மொட்டைத் தலையையும், பட்டாலைக் கூடத்தில் மாலை போட்ட படத்தையும் பார்த்தவனுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்றும் தெரியும். யாரிடம் கேட்பது என்பதுதான் தெரியாது.

'ஐயா செத்துப்போயிட்டார். மூச்சு நின்னுபோச்சு. அவருக்கு இனி வலிக்காது, பசிக்காது. திரும்பி வரமாட்டார். நீ பயந்துடுவேன்னு பொய் சொல்லிட்டோம்.' இவ்வளவு போதும். 'தூங்குகிறார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்புறம் தூங்கவே பயப்படுவான். இறந்தவர் வரமாட்டார் என்பது 5 முதல் 7 வயதுக்குள்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடத் தொடங்கும். அதனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பான், சலிக்காமல் சொல்லுங்கள். தான் சேட்டை செய்ததால்தான் ஐயா போய்விட்டார் என்று சில பிள்ளைகள் மனதுக்குள் வைத்திருக்கும். அவன் கேட்காவிட்டாலும், 'உன்னால் இல்லை' என்று சொல்லிவிடுங்கள்.

பெரியவர்களிடம் ஒன்று கேளுங்கள்: பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பது யார் வைத்த வழக்கம்? சாவு வீட்டில் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தவர்கள் நம் முன்னோர்தான்.

அன்று யார் யார் வருவார்கள், ஆச்சிமார் கட்டிப்பிடித்து அழுவார்கள், ஐயர் என்ன செய்வார் என்பதை முதல் நாளே சொல்லி வையுங்கள். படத்துக்குப் பூப்போடுவது போல ஒரு சின்ன வேலை கொடுங்கள். நீங்கள் அன்று அலைந்துகொண்டிருப்பீர்கள். அவனோடு இருக்க சித்தியையோ மாமாவையோ ஏற்பாடு செய்யுங்கள். போதும் என்றால் முகப்புக்குக் கூட்டிப் போய்விடலாம். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். பூப்போட்ட கையோடு வளவு முற்றத்தில் ஓடிப்பிடித்து விளையாடினால் யாரும் அதட்ட வேண்டாம், பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும்.

அப்பா கிளம்பும் நாளைக் காலண்டரில் காட்டுங்கள். விடிவதற்குள் சொல்லாமல் கிளம்பும் வேலையே கூடாது.

படுக்கையை நனைப்பது பயத்தால் என்றே நினைக்கிறேன். ஆனாலும் சிறுநீர்ப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். தாகம் அதிகமாக இருந்தால் சர்க்கரையும் அன்றே பார்க்க வேண்டும். சில வாரங்களாகியும் பள்ளிக்குப் போக மறுத்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 'நானும் ஐயாகிட்ட போறேன்' என்று சொன்னால் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.