கோகோவுக்கு நியாய விலை: விவசாயி கைக்கு எவ்வளவு வருகிறது?

ஐவரி கோஸ்ட், கானா இரண்டும் சேர்ந்தே உலகக் கோகோவில் பாதிக்கு மேல் விளைவிக்கின்றன. கேள்விகள் எல்லாம் அந்த இரண்டு நாடுகளைப் பற்றியவை.

கேள்வி: ஃபேர்டிரேட் முத்திரை (விவசாயிக்கு நியாய விலை தருவதற்கான சான்று) உள்ள சாக்லேட் வாங்கினால், கூடுதல் காசு விவசாயிக்கே போகுமா?

பதில்: நேராகப் போகாது. இதில் இரண்டு தொகை உண்டு. ஒன்று குறைந்தபட்ச விலை. 2019 அக்டோபரில் அது டன்னுக்கு 2,400 டாலர் என்று வைக்கப்பட்டது; கப்பலில் ஏற்றும் இடத்து விலை அது. சந்தை 2,100க்கு இறங்கினால் மீதி 300ஐ வாங்குபவர் தர வேண்டும். சந்தை அதற்கு மேல் நின்றால் சந்தை விலைதான். இன்னொன்று பிரீமியம், டன்னுக்கு 240 டாலர். விலை ஏறினாலும் இறங்கினாலும் இது உண்டு. ஆனால் விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கில்தான் வரவாகும். ரொக்கமாகப் பிரிப்பதா, நாற்று வாங்குவதா, கிணறு வெட்டுவதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யும்.

கேள்வி: ஒரு குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்.

பதில்: 3 ஹெக்டேர், ஹெக்டேருக்கு 450 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,350 கிலோ, பிரீமியம் 324 டாலர். சிக்கல் எங்கே என்றால், சான்று பெற்ற சரக்கு முழுவதும் அந்த முத்திரையிலேயே விலைபோவதில்லை. பாதிதான் போனால் 162 டாலர். தணிக்கைக் கட்டணமும் அலுவலகச் செலவும் அதிலேயே கழியலாம். ஒரு சங்கத்தை எடைபோட நான் முதலில் கேட்பது, விளைச்சலில் எத்தனை விழுக்காடு ஃபேர்டிரேட் நிபந்தனையில் விற்றது என்பதைத்தான்.

கேள்வி: 2024இல் உலக விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியதே, விவசாயிக்கு என்ன கிடைத்தது?

பதில்: சொற்பம். இரண்டு அரசுகளும் விளைச்சலின் பெரும்பகுதியைப் பருவம் தொடங்கும் முன்பே விற்றுவிடுகின்றன. 2023 அக்டோபரில் ஐவரி கோஸ்ட் அறிவித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 1,000 சிஎஃப்ஏ பிராங்க் (அந்நாட்டு நாணயம்), அதாவது டன்னுக்குச் சுமார் 1,600 டாலர். 2024 ஏப்ரலில் அது 1,500 ஆனது. கூடுதல் விலை தேடி மூட்டைகள் எல்லை தாண்டி லைபீரியாவுக்கும் கினிக்கும் போனதில் வியப்பில்லை. முன்விற்பனையை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. விலை சரியும் ஆண்டில் அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி: இரண்டு அரசுகளும் டன்னுக்கு 400 டாலர் கூடுதலாக வாங்கினவே, அது என்ன ஆயிற்று?

பதில்: 2020-21 பருவத்திலிருந்து இரண்டு நாடுகளும் வாழ்வாதாரத் தொகை என்று அதைக் கேட்டுப் பெற்றன. கோகோ வாங்கும் கம்பெனிகள் 400ஐக் கொடுத்தன. ஆனால் அந்த நாட்டுச் சரக்கின் தரத்துக்காகச் சந்தை விலைக்கு மேல் வழக்கமாகக் கொடுத்துவந்த தொகையைக் குறைத்து, பூஜ்யத்துக்கும் கீழே கொண்டுபோயின. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடுங்கியது என்றே சொல்வேன்.

கேள்வி: கொள்முதல் நிலையத்தில் விவசாயி எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் தராசு. மூட்டையை வைக்கும் முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கானாவில் மூட்டைக்கு 64 கிலோ கணக்கு. ஒவ்வொன்றிலும் 2 கிலோ அமுக்கினால் 20 மூட்டையில் 40 கிலோ போச்சு. அடுத்தது ஈரம். 7.5 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், சரக்கு திரும்பிவிடும். கோகோ விதைகளை வாழையிலையால் மூடி ஆறு நாள் புளிக்கவைத்து, நடுவில் கிளறிவிட்டு, அப்புறம் மூங்கில் பாயில் காயவைக்க வேண்டும். தரம் பார்ப்பவர் 300 விதைகளை நீளவாக்கில் வெட்டிப் பார்ப்பார். உள்ளே சாம்பல் நிறமாக இருந்தால் புளிப்பு போதவில்லை. முதல் தரத்துக்கு அப்படிப்பட்டவை 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. பூஞ்சை பிடித்தவைக்கும் அதே வரம்பு.