ஸ்பீட்ஸ்டர் நகலுக்கு இன்ஜின் சாமான்: காசை எங்கே போடுவது?

கேள்வி: வணக்கம் ஐயா. சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை எண்ணெய் ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். ஒருவர் பாதியில் விட்டுவிட்ட போர்ஷ 356 ஸ்பீட்ஸ்டர் நகல் ஒன்றை வாங்கினேன். கீழே வோல்க்ஸ்வேகன் பீட்டில் காரின் சேசிஸ், மேலே ஃபைபர் பாடி. 1600 இன்ஜின் பிரித்தபடியே நான்கு பெட்டிகளில் வந்தது. 94 மில்லிமீட்டர் பிஸ்டன் செட் போட்டு 1915 சிசி ஆக்கிவிடு என்கிறார்கள் கூட்டாளிகள். ஷாப்பியில் மலிவாகவும் கிடைக்கிறது. கையில் 6,000 வெள்ளிதான் இருக்கிறது. எதை வாங்கலாம், எதை விடலாம்?

பதில்: பிஸ்டன் செட்டுக்கு இன்னும் பணம் கட்டவில்லை என்றால் நல்லது தம்பி, கட்டாதீர்கள். செட் மலிவுதான். ஆனால் 94 மில்லி சிலிண்டர் உள்ளே போக கேஸையும் (இன்ஜினின் வெளிக்கூடு) குடைய வேண்டும், சிலிண்டர்களை மூடும் இரண்டு ஹெட்டையும் குடைய வேண்டும். அந்தக் கூலியைக் கூட்டிப் பாருங்கள், பிஸ்டன் விலை ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஒருமுறை குடைந்த கேஸ் பழைய அளவுக்குத் திரும்பாது. கேஸைத் தொடாமலே போடலாம் என்று 88 மில்லி செட் ஒன்றும் விற்கிறார்கள். அதில் சிலிண்டர் சுவர் மெலிசு. சூட்டில் வட்டம் கெட்டு, ஓட ஓட எண்ணெய் குடிக்கும்.

இன்னொன்று. 1954இல் வந்த அசல் ஸ்பீட்ஸ்டரின் சாதாரண 1500 இன்ஜினுக்கே 55 குதிரைத் திறன்தான். உங்கள் பெட்டியில் இருப்பது இரட்டைப் போர்ட் ஹெட் உள்ள 1600 என்றால், பேக்டரி கணக்கில் அது 50. அசலுக்கும் உங்களுக்கும் இடையில் ஐந்தே ஐந்து குதிரை! அதற்காக 1915 வரை போக வேண்டுமா என்ன? நல்ல பெயருள்ள 85.5 மில்லி செட் வாங்குங்கள். எதையும் குடையாமல் அப்படியே உட்காரும்.

சரி, மிச்சப் பணம் எங்கே போகும்? முதலில் கேஸுக்கு. வேறு எதையும் வாங்குவதற்கு முன், கேஸின் இரண்டு பாதியையும் மண்ணெண்ணெயில் கழுவி வெயிலில் வையுங்கள். மெயின் பேரிங் உட்காரும் குழியில் விரல் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். பேரிங் விளிம்பு நின்ற இடத்தில் நகம் தட்டினால், பேரிங் அங்கே ஆடி ஆடிக் குழியை அடித்திருக்கிறது என்று அர்த்தம். இது மெக்னீசியக் கலவை, இரும்பு மாதிரி தாங்காது. அப்புறம் மூன்றாம் சிலிண்டருக்குப் பின்னால், ஃப்ளைவீல் பக்கம், மயிரிழை மாதிரி விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் அந்தக் கேஸை விட்டுவிடுங்கள். குழி மட்டும் கெட்டிருந்தால் ஈப்போவில் போரிங் போடும் பட்டறையில் அளக்கச் சொல்லுங்கள். லைன் போரிங் போட்டு (குழிகளை ஒரே நேர்க்கோட்டில் பெரிதாகக் குடைந்து), ஓவர்சைஸ் பேரிங் வைத்து ஓட்டலாம். ஹெட் போல்ட் மரை இழுத்துக்கொண்டிருந்தால் ஸ்டீல் மரை செருகிக்கொள்வது பெரிய செலவில்லை.

கிராங்க்‌ஷாஃப்ட்டுக்குப் புதுசு வேண்டாம். பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு அது. வோல்க்ஸ்வேகன் கொடுத்த 69 மில்லி ஸ்ட்ரோக் கிராங்க் அடித்து உருவாக்கிய எஃகு, நல்ல சாமான். சாலையில் நிதானமாக ஓட்டுகிறவருக்கு எதிர் எடை வைத்த கிராங்க் தேவையில்லை. தேய்மானம் இருந்தால் 0.25 மில்லி கிரைண்ட் போட்டு அதற்குத் தகுந்த பேரிங் வாங்குங்கள். பேரிங்கில் மட்டும் விலை பார்க்காதீர்கள். நான் ஒருமுறை ஒரு கடையில் மலிவாக வாங்கிய செட்டில், பெட்டியின்மேல் 0.25 என்று ஸ்டிக்கர், உள்ளே இருந்தது ஸ்டாண்டர்ட். நல்லவேளை, பூட்டுவதற்கு முன் பேரிங்கின் முதுகைத் திருப்பிப் பார்த்தேன். அளவு அங்கேதான் குத்தியிருக்கும். ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம்.

கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றினால், அதன்மேல் உரசி ஓடும் டாப்பட்டும் கூடவே மாற வேண்டும். பழைய டாப்பட் புதுக் கேமைச் சீக்கிரமே தின்றுவிடும். முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங் விடாமல் 2,000 சுற்றுக்கு மேலேயே இருபது நிமிடம் ஓட விடுங்கள். ஹெட்டில், ஸ்பார்க் பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவே விரிசல் இல்லையென்றால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எக்சாஸ்ட் வால்வு நான்கும் புதுசாகத்தான் இருக்க வேண்டும். வால்வுத் தலை அறுந்து உள்ளே விழுந்தால் பிஸ்டன், ஹெட் எல்லாம் ஒரே நொடியில் போகும்.

நம் ஊரில் முக்கியமான விஷயம் சூடு. லாரிக்குப் பின்னால் முப்பதில் ஊர்ந்துகொண்டு போகிற காற்றுக் குளிர்ச்சி இன்ஜினை நினைத்துப் பாருங்கள். பழைய மாடல்களில் ஆயில் கூலர் விசிறிப் பெட்டிக்குள்ளேயே நின்று மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்றை மறைத்தது. 1971 மாடல் முதல் அதைப் பின்னால் ஒரு தனிக் கூண்டில் வைத்தார்கள், ‘டாக்ஹவுஸ்’ என்பார்கள். அந்த விசிறிப் பெட்டி பழைய சாமான் கடையில் கிடைத்தால் விடாதீர்கள். கூலர் மட்டும் புதுசு வாங்குங்கள். முந்தைய இன்ஜின் உடைந்த தூள் பழைய கூலருக்குள் ஒளிந்திருக்கும், எவ்வளவு கழுவினாலும் முழுசாக வராது.

இன்ஜினைச் சுற்றி வரும் தகரங்களில் ஒன்றைக்கூட “எதுக்கு இது” என்று ஒதுக்காதீர்கள். நகல் வண்டிகளில் நான் அடிக்கடி பார்க்கும் குறை, ஃபைபர் பாடிக்கும் தகரத்துக்கும் நடுவே ரப்பர் சீல் இல்லாமல் இருப்பது. கீழே எக்சாஸ்ட் கக்கும் சூட்டுக் காற்றை விசிறி திரும்ப மேலே இழுத்துக்கொள்ளும். குரோம் மூடியெல்லாம் தீபாவளிக்கு வாங்கிக்கொள்ளலாம், இந்த ரப்பரை இப்போதே வாங்குங்கள். இந்த இன்ஜினில் இரண்டரை லிட்டர் எண்ணெய்தான், பேப்பர் ஃபில்டரும் கிடையாது, ஒரு சல்லடை மட்டும். அதனால் புது ஆயில் பம்ப் வாங்கும்போது வெளி ஃபில்டர் இணைக்கிற மாதிரி மூடியோடு வாங்கினால் கெட்டிக்காரத்தனம்.

கேள்வி: வெளிநாட்டு விற்பனையாளரிடம் ஆன்லைனில் பிஸ்டன் செட் வாங்கலாமா? வரி உண்டா? சாமான் சரியில்லை என்றால் யாரிடம் போவது? (பீடோர் வாசகர்)

பதில்: வெளிநாட்டிலிருந்து ஆன்லைனில் வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைக்காரர் மலேசியாவில் இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வக்கீல் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தோட்டத்து லயத்தில் யாரோ தன் பழைய சாமானைத் தள்ளிவிட்டதற்கெல்லாம் இது பொருந்தாது, வியாபாரியிடம் வாங்கியிருக்க வேண்டும். அக்கரைக்காரரிடம் வாங்கியதற்கு அந்தத் தளத்தின் ரீஃபண்ட்தான் கதி. எனவே பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், ‘பெற்றுக்கொண்டேன்’ பட்டனை அமுக்குவதற்கு முன் நான்கு பிஸ்டனையும் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று 10 கிராமுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கேஸ் கெட்டுவிட்டது, புது அலுமினிய கேஸ் போடப் போகிறேன். கிராண்டில் (வண்டியின் பதிவுச் சான்றிதழ்) ஏதாவது சிக்கல் வருமா?

பதில்: வரும். பீட்டில் இன்ஜின் நம்பர் கேஸில்தான், டைனமோ ஸ்டாண்டுக்குக் கீழே குத்தியிருக்கும். புதுக் கேஸ் வழுவழுவென்று இருக்கும். கேஸ் மாறினாலும், சிசி ஏறினாலும் ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்துத் துறை) சொல்லி, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை முடித்து, கிராண்டில் திருத்த வேண்டும். ரசீதைத் தொலைக்காதீர்கள். பழைய நம்பரை நாமே குத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அந்தப் பட்டறையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வந்துவிடுங்கள்.

ரோட் டெக்ஸும் மாறும். தீபகற்பத்தில் தனியார் சலூன் காருக்கு 1584 சிசி (1600 இன்ஜினின் சரியான அளவு) என்றால் ஆண்டுக்கு 90 வெள்ளி. 1776 ஆக்கினால் 270 வெள்ளி 40 சென். 1915 என்றால் 337 வெள்ளி 50 சென்.

கேள்வி: ‘009’ டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்துக் கொடுப்பது) மலிவாக வருகிறது. ஒரே கார்ப்பரேட்டர் வைத்த 1600க்குப் போடலாமா?

பதில்: ஓடும். ஆனால் ட்ராஃபிக் லைட்டில் ஆக்ஸிலரேட்டரை அமுக்கியதும் ஒரு நொடி விக்கும். கார்ப்பரேட்டரின் உறிஞ்சலால் தீப்பொறி நேரத்தை முன்தள்ளும் வேக்குவம் அதில் கிடையாது. 34 மில்லி சோலெக்ஸ் கார்ப்பரேட்டர் ஒன்றுதான் இருக்கிறது என்றால் வேக்குவம் உள்ளதையே தேடுங்கள், பழசானாலும் பரவாயில்லை. வாங்குவதற்கு முன் அதன் குழாயில் வாய் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தட்டு நகர்ந்து, நாக்கால் குழாயை அடைத்திருக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். உடனே திரும்பினால் டயஃப்ரம் ஓட்டை.