சோற்றில் மாத்திரையைக் கலக்கலாமா?

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். மாத்திரையில் விஷம் இருப்பதாகச் சொல்லி மறுக்கிறான். அம்மா ரசம் சாதத்தில் பொடித்துக் கலந்து கொடுக்கிறார். இது சரியா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம் அம்மா. மனநல வார்டில் செவிலியராக இருந்த காலம் முழுக்க நான் அஞ்சியது இதற்குத்தான். தம்பி கண்டுபிடித்துவிட்டால் அவருடைய சந்தேகம் உறுதியாகிவிடும். பிறகு அம்மா கையால் சோறே வாங்க மாட்டார். ஆனால் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள். இந்த வாரமே டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

கை நடுக்கம், உடல் இறுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு இருக்கிறதா என்று தம்பியிடமே கேளுங்கள். மருந்தை மறுப்பதற்கு இந்தப் பக்கவிளைவுகளும் காரணமாக இருக்கலாம். டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. தினசரிப் போராட்டம் அதோடு ஓய்ந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

குரல் கேட்கிறது என்றால் வாதாடாதீர்கள், ஆமாம் போடவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை, ஆனால் நீ பயப்படுவது புரிகிறது" என்று சொல்லுங்கள். யார் யோசனை சொன்னாலும் கட்டிவைக்காதீர்கள். சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்கிறது. நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாமல் திணறினால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.