நைட் ஷிப்ட்டும் வாழைப்பழமும்

சோழிங்கநல்லூரில் நைட் ஷிப்ட், மதியம் 2 மணிக்கு எழுந்தால் எதிலும் பிடிப்பில்லை, மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனமான செரடோனின் ஏறும் என்று தினமும் வாழைப்பழமும் டார்க் சாக்லேட்டும் சாப்பிட்டும் பலனில்லை என்று கேட்டிருந்தீர்கள்.

வாழைப்பழத்தில் செரடோனின் இருப்பது உண்மைதான். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பு அதை உள்ளே விடாது. நம் உடம்பின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உருவாகிறது. அதுவும் மூளைக்குப் போகாது. பழத்தைப் பசிக்குச் சாப்பிடுங்கள், மருந்தாக வேண்டாம்.

உங்களுக்குப் பகல் வெளிச்சம்தான் குறைகிறது என்று நினைக்கிறேன். ஆபீஸ் விளக்கு பெரும்பாலும் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). மேகமூட்டமான பகலில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். எழுந்ததும் போனை எடுக்காமல் மொட்டைமாடிக்குப் போங்கள். சித்திரை வெயிலில் காய வேண்டாம், தண்ணீர்த் தொட்டி நிழலில் நின்றாலே போதும். வெயில் தாழ்ந்ததும் அக்கரை கடற்கரையில் அரை மணி நேரம், லேசாக மூச்சு வாங்கும் வேகத்தில் நடங்கள். (பஜ்ஜி கடை உங்கள் இஷ்டம்.) ஷிப்ட்டின் பின்பாதியில் காபி, டீ வேண்டாம், தூக்கம் கெட்டால் மனசும் கெடும்.

அப்புறம், இந்தப் பிடிப்பின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கிறது என்றால் நடையை மட்டும் நம்பாமல் டாக்டரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மனஸ் எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், ஷிப்ட் பிரேக்கிலேயே கூப்பிடலாம்.