'லெட்ஸ் டேபிள் திஸ்' என்றால் எடுத்துப் பேசுவதா, தள்ளிவைப்பதா?

உங்கள் திட்டத்தைப் பார்த்துவிட்டு அமெரிக்க மேலாளர் "லெட்ஸ் டேபிள் திஸ்" என்று எழுதியதை நம்பி, நாளைக் கூட்டத்துக்கு ராத்திரியெல்லாம் ஸ்லைடு தயாரிப்பதாகச் சொல்கிறீர்கள், தயவுசெய்து நிறுத்துங்கள். அமெரிக்காவில் அதற்கு 'இப்போதைக்குத் தள்ளிவைப்போம்' என்று பொருள். பிரிட்டனில் நேர் எதிர், விவாதத்துக்கு முன்வைப்பது. நம் நாடாளுமன்றத்தில் அறிக்கையை 'டேபிள்' செய்வதும் அந்தப் பொருளில்தான், அதனால் உங்களுக்குக் குழம்பியதில் தப்பே இல்லை. இரண்டாம் உலகப்போரில் இரு நாட்டுப் படைத் தலைமைகளே இந்த ஒரு சொல்லால் நீண்ட நேரம் காரசாரமாக வாதாடி, அப்புறம்தான் இரு தரப்பும் கேட்டது ஒன்றே என்று கண்டுகொண்டதாகச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். சரி, நிராகரித்துவிட்டார் என்று மனம் தளராதீர்கள். மறுபடி எப்போது எடுக்கலாம் என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள், ஸ்லைடு அப்படியே இருக்கட்டும்.